கூரை யாருக்கு?

பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தால் நம் வீட்டுத் தளம் ஒழுக ஆரம்பிக்கும் என்பது குடும்ப சாஸ்திரம். ஊர்களுக்கும் அது பொருந்தும். 2024 ஏப்ரலில், லோக்சபைத் தேர்தல் பிரசாரம் சூடு பிடித்திருந்த சமயத்தில், கோயம்புத்தூருக்கு ஒரு சர்வதேசக் கிரிக்கெட் மைதானம் கட்டித் தருவதாக மாநிலத்தில் அப்போது ஆண்ட கட்சி வாக்களித்தது. தேர்தல் முடிந்தபின் ஒண்டிப்புதூரில் திறந்தவெளிச் சிறைச்சாலை நிலத்தை இடமாகப் பார்த்தார்கள். அவ்வளவுதான், காவேரிக் கரையில் எங்களுக்குத் தளம் ஒழுக ஆரம்பித்துவிட்டது. "கோயம்புத்தூருக்கு உண்டு என்றால் தஞ்சாவூருக்கு ஏன் கிடையாது? ராஜராஜன் ஆண்ட ஊர் என்ன இளப்பமா?" என்று கேட்கிறவர்களை நான் கல்யாணப் பந்தியில் சந்திக்கிறேன், ரயிலில் சந்திக்கிறேன், பல் வைத்தியர் வீட்டு வாசலில்கூடச் சந்தித்திருக்கிறேன். பல்வலிக்காரருக்கே அந்த வேகம் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

ஊரின் நடு மத்தியில், பஸ்ஸை விட்டு இறங்கினால் நாலு எட்டில் போய்ச் சேருகிற மாதிரி, விளக்குக் கம்பங்கள் வானத்தை முட்ட, முப்பதாயிரம் பேர் உட்காரும்படி ஓர் அரங்கம் வேண்டுமாம். செலவு சர்க்காருடையது. அதாவது வரி கொடுக்கிற நம்முடையது.

வேண்டாம் என்பது என் கட்சி. ஆசை ஆசையாக இருக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். ஆசை அறிவிப்பாக மாறி, அறிவிப்புக்கு அடிக்கல் நட்டு, அடிக்கல்லுக்கு மாலை போட்டான பிறகு பேசினால் ஊர்த் துரோகி என்ற பட்டம் வரும். இப்போது பேசினால் வெறும் கிறுக்கு என்பதோடு போய்விடும். இரண்டில் பின்னது எனக்குச் சௌகரியம்.

விளையாட்டுக்கு நான் விரோதி என்று யாரும் நினைக்க வேண்டாம். தாளடி அறுவடை முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்து, வயல் வெடித்துக் காய்ந்து கிடக்கிற கோடைக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் மாலை நாலு மணிக்கு மேல் நடந்து பார்க்க வேண்டும். பையன்கள் தாளை மிதித்துச் சமன் பண்ணி, மூன்று குச்சியை நட்டு, நடு வயலில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். வரப்புதான் எல்லைக்கோடு. பந்து வாய்க்காலில் விழுந்தால் ஆறு ஓட்டமா, ஆள் அவுட்டா என்பதில் ஊருக்கு ஊர் தனிச் சட்டம் உண்டு. அந்தச் சட்டத்தை மீறினால் நடக்கிற சண்டையை எந்தச் சர்வதேச நடுவரும் தீர்த்து வைக்க முடியாது. நம் தாத்தாக்கள் சடுகுடு என்று சொன்ன ஆட்டம் கபடி என்று பேர் மாற்றிக்கொண்டு விளக்கு வெளிச்சத்தில் விடிய விடிய நடக்கிறது. நகரத்துக்குள் அன்னை சத்யா விளையாட்டரங்கம் இருக்கிறது. ஓட வேண்டியவர்கள் ஓடுகிறார்கள். டாக்டர் பயமுறுத்தியவர்கள் நடக்கிறார்கள். இவை அத்தனையும் எனக்குப் பிடிக்கும்.

ஆனால் திடல் வேறு, அரங்கம் வேறு. தமிழில் இரண்டு சொல் இருப்பது காரணமில்லாமல் இல்லை. திடல் ஆடுகிறவனுக்காக ஏற்பட்டது. அரங்கம் பார்க்கிறவனுக்காக ஏற்பட்டது. திடலுக்குக் கதவு கிடையாது. அரங்கத்தில் முதலில் கட்டுவதே கதவுதான். அதில் ஆடுகிறவர்கள் இருபத்திரண்டு பேர், பார்க்கிறவர்கள் முப்பதாயிரம் பேர். அந்த முப்பதாயிரத்தில் ஒருவனாவது மறுநாள் காலையில் உள்ளே போய்ப் பந்து வீச முடியுமா? காவல்காரன் விடமாட்டான். புல் கெட்டுவிடும். பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று பேச்சை ஆரம்பித்து, பிள்ளைகள் டிக்கெட் வாங்கி உட்கார வேண்டும் என்று முடிக்கிற இந்தச் சாமர்த்தியத்தைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

இனி அரங்கப் பிரியர்களின் பெரிய வாதத்துக்கு வருகிறேன். "ஸ்டேடியம் வந்தால் ஊர் வளரும். ஹோட்டல் வரும், வியாபாரம் பெருகும், ஆயிரம் பேருக்கு வேலை கிடைக்கும்" என்கிறார்கள். கேட்கத் தேனாக இருக்கிறது. தெற்கு வீதியில் குடியிருக்கிற ஒரு குமாஸ்தா குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மளிகை, பால், பள்ளிக்கூடச் சம்பளம், வாடகை எல்லாம் போக, மாதத்தில் ஆயிரம் ரூபாய் உல்லாசத்துக்கு மிஞ்சுகிறது. அதில் ஒரு சினிமா, ஒரு நாள் ஹோட்டலில் சாப்பாடு, பெண்ணுக்கு ஒரு பாவாடைத் துணி. அரங்கம் வந்ததும் அந்தக் குமாஸ்தாவின் சம்பளம் ஏறிவிடுமா? அதே ஆயிரம் ரூபாய் சினிமாக் கொட்டகையிலிருந்தும் கீழவாசல் ஜவுளிக் கடையிலிருந்தும் கிளம்பி அரங்கத்து வாசலுக்குப் போகும். ஊர்ப் பணம் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாறுகிறதே தவிரப் பெருகவில்லை. ஜவுளிக் கடைக்காரர் அதை ஊரிலேயே செலவழிப்பார். அரங்கத்தில் வசூலாவது பம்பாய்க்கும் பெங்களூருக்கும் ரயிலேறிவிடும்.

வெளியூர்க்காரர்கள் வருவார்களே என்றால், வருவார்கள். எத்தனை நாளைக்கு? ஐ.பி.எல். பந்தயத்தில் ஒரு கட்சி தன் சொந்த ஊரில் சாதாரணமாக ஆடுவது லீக் சுற்றில் ஏழு ஆட்டம். சர்வதேசப் பந்தயம் இரண்டு, மூன்று வந்தால் அதிர்ஷ்டம். தஞ்சாவூருக்குச் சொந்தக் கட்சியும் கிடையாது. பத்து நாள் கூட்டத்தை நம்பி ஒருவன் ஹோட்டல் கட்டினால் மீதி முந்நூற்று ஐம்பத்தைந்து நாள் அவன் யாருக்கு இட்லி போடுவான்? வேலை கிடைக்குமே என்றால், அந்தப் பத்து நாள் வாசலில் நிற்கிற வேலையும், மறுநாள் காகிதம் பொறுக்குகிற வேலையும் கிடைக்கும்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. அமெரிக்காவில் இந்தப் பைத்தியம் நமக்கு முன்பே முற்றிவிட்டது. அங்கே ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஜிம்பலிஸ்ட் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் பல நகரங்களின் கணக்கை ஆராய்ந்த கட்டுரைகளைத் திரட்டி 1997இல் ஒரு புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். போட்ட பொதுப் பணத்துக்குத் தக்க பலனை எந்த அரங்கமும் ஊருக்குத் தரவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. கனடாவில் மாண்ட்ரியால் நகரம் 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கத்தின் கடன் 2006இல்தான் அடைந்தது. முப்பது வருஷம்! அதற்காகப் புகையிலைக்கு ஒரு தனி வரி போட்டார்கள். ஒலிம்பிக்கை எட்டியும் பாராத ஒரு தொழிலாளி, மாலையில் சிகரெட் பற்றவைத்த ஒவ்வொரு தடவையும் அந்த அரங்கத்துக்கு ஒரு செங்கல் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். அரங்கம் திறந்த அன்று பிறந்த குழந்தைக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்திருக்கும், கடன் மட்டும் தீரவில்லை.

கடல் தாண்டிப் போவானேன், கடலோரத்திலேயே பார்க்கலாம். இலங்கையில் அம்பாந்தோட்டை மாவட்டத்தில் சூரியவெவ என்கிற இடத்தில், 2011 உலகக் கோப்பைக்காக 35,000 பேர் உட்காரும் கிரிக்கெட் அரங்கம் ஒன்று கட்டினார்கள். அன்றைய ஜனாதிபதியின் சொந்த மாவட்டம், அரங்கத்துக்கும் அவர் பெயர்தான். உலகக் கோப்பை வந்தது, போனது. பிறகு ஆட்டங்கள் அருகிப் போய், கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற நிலைமைக்கு அந்த இடம் வந்தது. அதே மாவட்டத்தில் 2013இல் மத்தல என்ற ஊரில் ஒரு சர்வதேச விமான நிலையமும் திறந்தார்கள். விமானங்கள் வரவில்லை. சும்மா கிடந்த சரக்குக் கூடங்களில் சில காலம் சர்க்கார் நெல்லைச் சேமித்து வைத்தார்கள். விமானத்துக்காகக் கட்டிய கூரையின் கீழ் நெல் படுத்தது. படித்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஏன் பொறாமை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

"அதெல்லாம் அந்நிய தேசம், நம் ஜனங்களின் உற்சாகம் வேறு" என்பார்கள். சரி, நம் உற்சாகத்தையே பார்ப்போம். மதுரை மாவட்டம் அலங்காநல்லூருக்குப் பக்கத்தில், கீழக்கரை என்ற கிராமத்தில், 66 ஏக்கர் பரப்பில், 60 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து, ஜல்லிக்கட்டுக்கென்றே ஓர் அரங்கம் கட்டி 2024 ஜனவரி 24ஆம் தேதி திறந்தார்கள். நோக்கம் கெட்டதல்ல. அலங்காநல்லூரின் குறுகிய இடத்தில் கூட்டம் நெரிகிறது, பார்க்க வருகிறவர்களுக்கு வசதி இல்லை, பாதுகாப்பு வேண்டும் என்றார்கள். எல்லாம் வாஸ்தவம். ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? "அரங்கம் அழகாக இருக்கிறது. அதில் வேறு போட்டி நடத்துங்கள். எங்கள் பொங்கல் ஜல்லிக்கட்டு எங்கள் வாடிவாசலில்தான்" என்றார்கள். அரங்கம் திறந்த மறு வருஷம், 2025 பொங்கலிலும், அலங்காநல்லூர்க் காளைகள் ஊர் வாடிவாசலில்தான் அவிழ்ந்தன.

இதில் ஊர்க்காரர்களின் பிடிவாதத்தை நான் காணவில்லை. ஜல்லிக்கட்டு அவர்களுக்கு ஒரு காட்சி அல்ல. கோயில் காளை முதலில் வர வேண்டும், அது இந்தத் தெருவழியாக வர வேண்டும், இன்ன வீட்டார் மரியாதை செய்ய வேண்டும் என்று ஊரோடு பின்னிக் கிடக்கிற காரியம் அது. அதைத் தூக்கி ஒரு கான்கிரீட் தொட்டிக்குள் வைத்தால் மாடு இருக்கும், ஊர் இருக்காது. இந்தச் சங்கதியை அலங்காநல்லூர் டீக்கடையில் அரை மணி உட்கார்ந்தால் யாரும் சொல்லியிருப்பார்கள். அந்த அரை மணிதான் எப்போதும் நம் திட்டங்களில் குறைகிறது. கோடிகளுக்குப் பஞ்சமில்லை.

ஜனங்களின் அபிப்பிராயத்தைக் கேட்பது என்றால் என்ன என்பதில் எங்கள் ஊருக்கே ஓர் அனுபவம் உண்டு. மத்திய சர்க்கார் 2015 ஜூனில் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தை ஆரம்பித்தது. ஒரு நகரத்துக்கு 500 கோடி ரூபாய் வரை மத்திய சர்க்கார் கொடுக்கும், அதற்கு ஈடாக மாநிலமும் உள்ளாட்சியும் போட வேண்டும். ஊர் ஜனங்களைக் கலந்து திட்டம் தயாரிக்க வேண்டும் என்பது விதி. 2016 செப்டம்பரில் வந்த பட்டியலில் மதுரை, சேலம், வேலூர் ஆகியவற்றோடு தஞ்சாவூரும் இடம் பெற்றது. ஊரெங்கும் சந்தோஷம். அடுத்த மாதமே, 2016 அக்டோபரில், தமிழ்நாட்டின் உள்ளாட்சி மன்றங்களுடைய பதவிக் காலம் முடிந்தது. நகரங்களுக்கு மறுபடி தேர்தல் நடந்தது எப்போது? 2022 பிப்ரவரியில்!

நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தஞ்சாவூர் மாநகராட்சிக்கு மேயர் இல்லை, கவுன்சிலர் இல்லை. தனி அதிகாரி இருந்தார். திட்டத்தை நடத்தியது கம்பெனிச் சட்டப்படி பதிவான ஒரு கம்பெனி. பழைய பஸ் நிலையத்தை இடித்துக் கட்டியது இந்த இடைக்காலத்தில்தான். கட்டியது நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று வாதாட நான் வரவில்லை. இடிக்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது, கையைத் தூக்கி "இல்லை" என்று சொல்ல எங்களுக்கு ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு ஆள் இல்லையே என்பதுதான் என் துக்கம். கணினியில் கேள்வி கேட்டு, 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தச் சொல்வது அபிப்பிராயம் கேட்பது ஆகாது. அது கல்யாணத்தை நிச்சயம் பண்ணிப் பத்திரிகையும் அடித்துவிட்டுப் பெண்ணைப் பார்த்து, "உனக்குச் சம்மதந்தானே அம்மா?" என்று கேட்கிற மாதிரி. அந்தப் பெண் என்ன சொல்லும்?

சரி, யார் செலவில் கட்டுவது என்ற விஷயத்துக்கு வருவோம். கிரிக்கெட் ஆடுகிறவர்கள் ஏழைகள், அவர்களுக்குச் சர்க்கார் உதவ வேண்டும் என்றால் எனக்கும் இரக்கம் உண்டு. நம் தேசத்துக் கிரிக்கெட் வாரியம் 2022 ஜூனில், ஐந்து வருஷத்து ஐ.பி.எல். ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமையை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. எழுத்துப் பிழை இல்லை, நாற்பத்தெட்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு கோடிதான். அந்த வாரியம் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவான ஒரு சங்கம். அதாவது சட்டத்தின் கண்ணில் அது நம் ஊர் மாதர் சங்கத்துக்கும் வாசகசாலைக்கும் உடன்பிறந்தான். வாசகசாலை ஒரு பீரோ வாங்க வீடு வீடாக நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறது. பெரிய அண்ணனுக்கு மட்டும் நாம் நிலம் கொடுத்து, வீடு கட்டிக் கொடுத்து, விளக்கும் ஏற்றிவைக்க வேண்டுமாம்.

நிலம் என்கிறபோது ஒரு வார்த்தை. எஸ்டிமேட்டில் சிமெண்டு விலை இருக்கும், இரும்பு விலை இருக்கும், நிலத்தின் விலை மட்டும் இருக்காது. 'சர்க்கார் புறம்போக்குதானே' என்று அதைப் பூஜ்யமாகப் போட்டுவிடுவார்கள். ஊர் நடுவில் இருபது ஏக்கர் பூஜ்யமா? அதில் ஆஸ்பத்திரி வரலாம், பள்ளிக்கூடம் வரலாம், ஒன்றும் வராமல் மரம் நின்றால்கூட நிழல் வரும். சென்னைச் சேப்பாக்கம் மைதானமும் சர்க்கார் நிலத்தில் குத்தகைக்கு இருப்பதுதான். 2011 உலகக் கோப்பைக்கு அங்கே புது மாடங்கள் கட்டினார்கள். அனுமதிச் சிக்கலில் அவற்றில் மூன்று பல வருஷம் பூட்டிக் கிடந்தன. தலைநகரத்திலேயே, டிக்கெட்டுக்கு ஜனங்கள் அடித்துக்கொள்கிற இடத்திலேயே, கட்டிய மாடம் காலியாகக் கிடந்தது என்றால் தஞ்சாவூர் மாடத்தில் புறாதான் குடியிருக்கும்.

இந்த இடத்தில் என் சிநேகிதர் ஒருவரின் ஆட்சேபத்தைச் சொல்லியாக வேண்டும். சரித்திரம் படித்தவர், சுலபத்தில் விடமாட்டார்.

"என்ன சார் இது, வெறும் மளிகைக் கடைக் கணக்காகப் பேசுகிறீர்கள்? ராஜராஜன் இப்படிக் கணக்குப் பார்த்திருந்தால் பெரிய கோயில் எழும்பியிருக்குமா? அவன் மட்டும் ஜனங்களைக் கேட்டா கட்டினான்?" என்றார்.

"கேட்கவில்லை. அவன் ராஜா. நமக்குத்தான் ராஜா கிடையாதே, ஓட்டு அல்லவா இருக்கிறது?" என்றேன்.

"அது சரி, ஊருக்குப் பெருமை வேண்டாமா?"

"வேண்டும். அவன் கணக்கும் வேண்டும்."

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. பெரிய கோயிலைக் கட்டி முடித்து 1010இல் விமானத்துக்குக் கலசம் கொடுத்த அந்த ராஜா, மளிகைக் கடைக்காரனை மிஞ்சிய கணக்கன். கோயிலைச் சுற்றிக் கல்லில் வெட்டியிருப்பதில் பெரும்பகுதி கணக்குதான். தான் கொடுத்தது எவ்வளவு, அக்காள் குந்தவை கொடுத்தது எவ்வளவு, ராணிகள் கொடுத்தது எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கிறது. பொன்னை எந்த எடைக்கல்லால் நிறுத்தார்கள் என்பதும், நெல்லை எந்த மரக்காலால் அளந்தார்கள் என்பதும் இருக்கிறது. ஆடல் பெண்கள் 400 பேரின் பெயர், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் என்பது வரையில் இருக்கிறது. கோயில் பணத்தைக் கிராம சபைகளுக்குக் கடன் கொடுத்தார்கள். காசு ஒன்றுக்கு வருஷ வட்டி அரைக்கால் காசு என்பதும் கல்லில் இருக்கிறது. வருகிற போகிறவன் எவனும் நின்று படிக்கலாம். ஆயிரம் வருஷம் கழித்து நாமும் படிக்கிறோம். நம் காலத்தில் கட்டுகிற கட்டிடத்தில் கல்வெட்டு இல்லையா என்றால் இருக்கிறது. திறந்துவைத்தவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர், வாழ்த்துரை வழங்கியவர் பெயர் எல்லாம் பளபளவென்று இருக்கும். தொகை மட்டும் அநேகமாக இருக்காது.

அதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் முந்தி, முதலாம் பராந்தகன் காலத்தில், உத்திரமேரூர்ச் சபையார் வெட்டிவைத்த குடவோலை விதிகளைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். அதில் ஒரு விதியை மட்டும் சௌகரியமாக விழுங்கிவிடுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி தேர்தலுக்கு நிற்கக் கூடாது. அவன் மாத்திரமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாது! இந்த ஒரு விதியை இன்றைக்கு அமல்படுத்தினால் வேட்பு மனுத் தாக்கல் செய்கிற இடத்தில் ஈ காக்கை இருக்காது.

பொறாமையைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னேன். இப்போது சொல்கிறேன்.

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறக்க முடிந்த வருஷங்களில் இந்தப் பக்கம் குறுவை நன்றாக விளையும். 2025இல் அப்படித்தான் திறந்தார்கள், அப்படித்தான் விளைந்தது. குறுவையிடம் ஒரு தோஷம் உண்டு. அது அறுவடைக்கு வருகிற நேரமும் வடகிழக்கு மழை இறங்குகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. அறுத்த நெல்லை விவசாயி நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுவருகிறான். நிலையம் என்றால் கட்டிடம் என்று பட்டணத்து வாசகர்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. பல இடங்களில் அது ஒரு பலகை, ஒரு தராசு, ஒரு திறந்த களம், அவ்வளவுதான். சில இடங்களில் களத்துக்குப் பதில் ரோட்டின் ஓரம். அங்கே நெல்லைக் குவித்துவிட்டுத் தன் முறைக்காகக் காத்திருக்கிறான். ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் விதிப்படி எடுக்க மாட்டார்கள். காலையில் பரப்பிக் காயவைத்தால் மத்தியானம் மேகம் கூடுகிறது. தார்ப்பாயை இழுத்து மூடுகிறான். மூடினால் புழுங்குகிறது, திறந்தால் நனைகிறது.

2025 அக்டோபரில் குவியல் குவியலாக அந்த நெல் நனைந்தது. மூட்டைக்குள்ளேயே முளைத்தது. வயலில் முளைத்தால் அதற்குப் பெயர் நாற்று. சாக்கில் முளைத்தால் அதற்குப் பெயர் கடன். டில்லியிலிருந்து குழுக்கள் வந்து மாதிரி எடுத்துக்கொண்டு போயின. ஈரத்தின் அளவை 22 சதவிகிதமாகத் தளர்த்த வேண்டும் என்று இங்கிருந்து மன்றாடினார்கள். மழை பெய்து, முளைவிட்டு, வேரும் இறங்கிய பிறகு மாதிரி எடுப்பது நோயாளி போன பிறகு நாடி பார்ப்பதுதான். ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். சில ஊர்களில் கூரையோடு கிடங்குகள் கட்டியிருக்கிறார்கள், நல்ல காரியம். கட்டியது போதவில்லை என்பதற்கு அந்த முளையே சாட்சி.

இப்போது சொல்லுங்கள், மத்தல விமான நிலையத்தில் கூரைக்கடியில் படுத்திருந்த நெல்லைப் பார்த்து ஒரு தஞ்சாவூர்க்காரன் பொறாமைப்படுவானா, மாட்டானா? நெற்களஞ்சியம் என்று எங்களுக்குப் பட்டப்பெயர். களஞ்சியம் என்றாலே மூடி வைக்கிற இடம். மூடி இல்லாத களஞ்சியம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். முப்பதாயிரம் பேர் தலையில் வெயில் படாமல், வருஷத்தில் பத்து நாள், ஆட்டம் பார்க்க ஒரு கூரை போடப் பொதுப் பணம் உண்டு என்றால், அந்த முப்பதாயிரம் பேரும் ஊரும் உலகமும் சாப்பிடுகிற நெல்லுக்கு ஒரு கூரை போட்ட பிறகு மிச்சப் பணத்தில் போடட்டும்.

இதற்கும் பதில் வைத்திருக்கிறார்கள். "அது வேறு இலாகா, இது வேறு இலாகா. அந்தப் பணத்தை எடுத்து இதில் போட முடியாது" என்கிறார்கள். இலாகா ஏடுகளில் அது சரியாக இருக்கலாம். வரி வசூலிக்கும்போது என்னிடம் அப்படிப் பிரித்து வாங்குவதில்லையே! 'இது கிரிக்கெட்டுக்கு, இது நெல்லுக்கு' என்று இரண்டு ரசீது கொடுத்தால் எதற்குக் கொடுப்பது என்பதை நானே தீர்மானித்துக்கொள்வேன்.

அரங்கமே கூடாது என்று நான் சபதம் எடுக்கவில்லை. மூன்று நிபந்தனை வைக்கிறேன். ஆட்டத்தை விற்றுப் பணம் பண்ணுகிறவர்கள் தங்கள் பணத்தில் கட்டட்டும், ஊர் நிலத்துக்கு ஊர் விலைப்படி வாடகை கொடுக்கட்டும். இது ஒன்று. கட்டுகிற செலவு, கட்டிய பிறகு வருஷா வருஷம் புல்லுக்கும் விளக்குக்கும் ஆகிற செலவு இரண்டையும் தமிழில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்து, தேர்ந்தெடுத்த மாநகராட்சி மன்றத்தில் பகிரங்கமாக ஓட்டுக்கு விடட்டும். பக்கத்துக் கிராமத்து நிலமோ நீரோ சம்பந்தப்பட்டால் அந்தக் கிராம சபையும் ஓட்டுப் போடட்டும். இது இரண்டு. மூன்றாவது, அரங்கத்தின் முகப்பில், திறப்பாளர் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிய எழுத்தில், யார் பணம், எவ்வளவு பணம் என்று கல்லில் வெட்டட்டும். வழிகாட்டி வேண்டுமென்றால் வெகு தூரம் போக வேண்டியதில்லை, பெரிய கோயிலுக்கு நடந்தே போகலாம்.

இந்த மூன்றுக்கும் சம்மதித்தால் முதல் டிக்கெட்டை நான் வாங்குகிறேன். சம்மதம் இல்லை என்றால், சர்க்காருக்கு விளையாட்டில் உண்மையாகவே பிரியம் இருக்கும் பட்சத்தில், கிராமம் தோறும் ஆக்கிரமிப்பில் போகாத ஒரு திடலும், மாலையில் வந்து சொல்லிக் கொடுக்க ஒரு வாத்தியாரும், பெண் பிள்ளைகள் உடை மாற்றிக்கொள்ள ஒரு அறையும் கொடுக்கட்டும். தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடி என்ற திட்டம் வந்தபோது நான் முகம் சுளிக்கவில்லை. அந்தத் தொகையில் மாடங்கள் எழும்பாது, பிள்ளைகள் ஓடுவதற்குத் தரை மிஞ்சும் என்பதே காரணம்.

இவ்வளவுக்கும் பிறகு, நகர மத்தியில் அரங்கம் கட்டியே தீருவது என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டால் எனக்கு ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அடிக்கல் விழாவை ஐப்பசி மாதத்தில் வையுங்கள். அதையும் ஏதாவது ஒரு நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் வையுங்கள். மந்திரிகள் வருவதால் எப்படியும் பெரிய பந்தல் போடுவீர்கள், ஒரு சொட்டு ஒழுகாதபடி தகரமும் தார்ப்பாயும் போட்டுத்தான் போடுவீர்கள். விழா முடிந்து எல்லாரும் கிளம்பும்போது அந்தப் பந்தலை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டுப் போங்கள்.